சீர் வண்டி

என் அண்ணன் பாண்டித்துரை எனக்குச் செய்த சீரைப் பற்றி வடகரையில் யாரைக் கேட்டாலும் வாய் ஓயாமல் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் மகள் சுஜிதாவுக்குச் சடங்கு வைத்தோம். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கத்தில் லேசுப்பட்டதில்லை. மேளம் முன்னால் வர, பெண்கள் தாம்பாளம் ஏந்திப் பின்னால் வர, எந்த மாமன் என்ன கொண்டுவருகிறான் என்று பார்க்கத் தெருவே வாசலில் வந்து நிற்கும். அண்ணன் தென்காசியில் உரக்கடை வைத்திருக்கிறான். பட்டும் பழமும் கொலுசும் ஒரு குறையில்லாமல் வந்து இறங்கின. ஆரத்தி எடுக்கப் போகிற நேரம் தெரு முனையில் வேட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தால், மாலை போட்ட வெள்ளைப் பிக்கப் வண்டி ஒன்று ஊர்ந்து வருகிறது. அண்ணன் அதற்கு முன்னால் கைகூப்பியபடி நடந்து வருகிறான்.

அது அவன் கடைக்கு மூட்டை ஏற்றி ஓடிய வண்டிதான். புதுப் பெயின்ட் அடித்து, முன்கண்ணாடியில் சுஜிதா பெயரை ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். சாவியை வெற்றிலையில் வைத்து என் கையில் கொடுத்தான்.

"ஏட்டி பேச்சி, இனிமே அடுத்தவன் வண்டிய வாடகைக்கு எடுத்துட்டு அலையாத. இது உன் வண்டி."

நான் அழுதுவிட்டேன். பேச்சித்தாயை அழவைப்பது அவ்வளவு சுலபமில்லை என்று ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரர் சொரிமுத்து மஸ்கட்டில் கட்டட வேலையில் இருக்கிறார். நான் இங்கே வாடகை வண்டியில் வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக் குற்றாலத்து ஹோட்டல்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை என்பதால் வண்டி எனக்குப் பயமில்லை. சொந்தமாக ஒன்று இல்லையே என்பதுதான் குறை. அந்தக் குறையை ஊர் பார்க்கத் தீர்த்துவைத்தவன் அண்ணன்.

அன்று சாயங்காலம் போனில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டுவிட்டு ஒரு வார்த்தையும் சொன்னார்.

"ஓடுன வண்டிலா அது. நல்ல மெக்கானிக்கா பாத்து, ஒரு தடவ அடியில பாக்கச் சொல்லிட்டு எடு."

எனக்கு வந்ததே கோபம். "சீரா வந்த நகைய ஆசாரிக்கிட்ட கொண்டுபோயி ஒரசிப் பாப்பியளோ? எங்கண்ணன் குடுத்த வண்டிக்கு அடியில ஆளப் படுக்கவச்சுப் பாக்கணுமாம். ஒங்க வீட்டுல ஒரு சொம்புக்கு வழியில்ல, பேச வந்துட்டிய."

அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். சீரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதைச் சோதித்துப் பார்ப்பது கொடுத்தவனைச் சந்தேகப்படுவது. அப்படிச் செய்தவளை அவள் பிறந்த வீட்டில் அதன் பிறகு யாரும் முகம் கொடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

வண்டி வந்ததும் என் நடையே மாறிப்போனது. காலையில் சுஜியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் விடுவேன். அப்படியே குற்றாலம் போய் இலையை இறக்குவேன். சனிக்கிழமைகளில் புளியறை செக்போஸ்ட் தாண்டி மலை ஏறிப் புனலூருக்கு லோடு. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் அதற்கும் சுஜி கூட வருவாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு லாரிக்காரர்களுக்குக் கை காட்டிக்கொண்டு வருவாள்.

முதல் தடவை ஆட்டம் கண்டது இலஞ்சி பக்கத்தில், நேரான ரோட்டில். முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான் தாமதம், ஸ்டீரிங் என் கைக்குள்ளேயே இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆட ஆரம்பித்தது. நான் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது ஆடுகிறது. என் வளையல்கள் கலகலவென்று அடித்துக்கொண்டன. சுஜி பயந்துபோய் என் சேலையைப் பிடித்தாள். பிரேக்கை மிதித்து வேகத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் அடங்கியது.

ஓரமாக நிறுத்திவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வேகமாப் போனியாட்டி?"

"மாட்டு வண்டி வேகத்துலதாம்ணே போனேன்."

"சரி, பயப்படாத. நம்ம வல்லிநாயகம் பட்டறைக்குக் கொண்டு போ, நான் சொல்லுதேன். வேற எவங்கிட்டயும் விட்டுராத, என்ன? பொம்பள ஆளு வண்டி கொண்டு வந்தா ஏமாத்திப்புடுவானுவ."

வல்லிநாயகம் தென்காசியில் பட்டறை வைத்திருக்கிற ஆள், அண்ணனுக்கு வெகுகாலப் பழக்கம். குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டீரிங் ஷாக் போய்விட்டது என்றார். கடையில் வாங்குகிற பெட்டியில் ஸ்டெபிலைசர் என்று போட்டிருக்கும், பட்டறையில் அதற்கு ஸ்டீரிங் ஷாக் என்று பெயர். பைக்கில் பின்சக்கரத்துக்கு இருக்குமே ஷாக், அதே மாதிரி ஒன்று, முன்பக்கத்தில் அடியில் படுக்கைவாட்டில் கிடக்கும். பள்ளத்தில் விழுந்து சக்கரம் உதறினால் அந்த உதறல் கைக்கு வராமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் வேலை அவ்வளவுதான்.

"நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா தாயி. வர்றதுக்குள்ள மாட்டி வச்சிருதேன்."

போய் வந்தேன், மாட்டியிருந்தார். ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. கூலி என்னவென்று கேட்டால் கையை ஆட்டிவிட்டார். "அதெல்லாம் அண்ணாச்சி பாத்துக்கிடுவாவ."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சீர் கொடுத்ததோடு விட்டுவிடுகிற அண்ணன்மார்தான் ஊரில் உண்டு. கொடுத்த சீருக்கு ரிப்பேரும் பார்த்துக் கொடுக்கிற அண்ணன் யாருக்கு வாய்ப்பான்? பக்கத்து வீட்டுக்காரி செண்பகவல்லியிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவள் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து மறுபடி ஆட்டம். மறுபடி வல்லிநாயகம், மறுபடி டீ, மறுபடி புது ஷாக். பொங்கல் கழிந்து இன்னொரு தடவை. எதற்கு இப்படி அடிக்கடி போகிறது என்று கேட்டால், "ரோடு சரியில்ல தாயி, நீ போற ரோடு அப்படி" என்பார். நானும் ரோடு போட்ட கான்ட்ராக்டரை மண் வாரித் தூற்றிவிட்டு வந்துவிடுவேன்.

இந்த ஆடியில்தான் வினை வந்தது. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஐந்தருவி ரோட்டில் ஒரு மெஸ்ஸில் இலையை இறக்கிவிட்டு, கூட்டத்துக்குள் பையப் பைய வந்துகொண்டிருந்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எண்ணெய் வடிய வடிய ஜனம் ரோட்டைக் கடக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஸ்டீரிங் உதற ஆரம்பித்தது. அந்த வேகத்தில் அதுவரை ஆடியதே இல்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணின் முட்டிக்கு முன்னால் நின்றது. அவள் புருஷன் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டான். நான் பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வல்லிநாயகத்துக்குப் போன் போட்டால் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருக்கிறாராம். "திங்கக்கெழம வந்துருவேன் தாயி, அதுவரைக்கும் வண்டிய அங்கனயே நிப்பாட்டி வையி. வேற யாரும் தொட வேண்டாம்" என்றார். சீசன் நேரத்தில் வண்டியை நிறுத்தினால் ஹோட்டல்காரன் வேறு ஆளிடம் இலை வாங்கிக்கொண்டு போயே விடுவான். இரண்டு நட்டைக் கழற்றிப் புது ஷாக் மாட்டுவதற்கு அந்த மனுஷன்தான் வேண்டுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இலஞ்சியில் ஹுஸைஃபா என்று ஒருத்தர் பட்டறை வைத்திருக்கிறார், ஹோட்டல் வண்டிகளெல்லாம் அங்கேதான் நிற்கும். ஊர்ந்து ஊர்ந்து அங்கே கொண்டு போய் விட்டேன்.

"ஸ்டீரிங் ஷாக்க மட்டும் மாத்துங்க. வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்று கறாராகச் சொன்னேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த பாடம்.

அவர் சாக்கை விரித்து அடியில் படுத்தார். நட்டுக்கு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, ஒரு முனையைச் சுத்தியலால் தட்டி இறக்கிப் பழையதை வெளியே எடுத்தார். அதன் மேலெல்லாம் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. கடையிலிருந்து வந்த புதியதையும் அதையும் என் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். புதியது என் பலம் முழுவதையும் கேட்டது. பழையது சைக்கிள் பம்பு மாதிரி சுளுவாக உள்ளே போய்விட்டது.

"இது எப்ப மாட்டுனது அக்கா?"

"பொங்கலுக்குப் பொறவு."

"அதுக்குள்ளயா?" என்று புருவத்தைச் சுருக்கினார். "அக்கா, கோவிச்சுக்கிடாதிய. புதுச மாட்டுததுக்கு முன்னால நான் ஒண்ணு பாப்பேன், யாரு வண்டின்னாலும் பாப்பேன். நீங்க உள்ள ஏறி உக்காந்து, ஸ்டீரிங்க லேசா இப்படியும் அப்படியும் ஆட்டுங்க. எஞ்சின் வேண்டாம்."

ஏறி உட்கார்ந்து ஆட்டினேன். திரும்பவும் ஆட்டச் சொன்னார். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்களே வந்து பாத்துருங்க அக்கா. நான் சொன்னா நம்பமாட்டிய" என்றார். ஸ்டீரிங்கை ஆட்ட அவர் உள்ளே ஏறிக்கொண்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சாக்கில் படுத்தேன்.

வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு இரும்புச் சட்டம் போகிறதே, சேசிஸ், அதில்தான், நாம் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஸ்டீரிங் பெட்டியை முடுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் தகடு வைத்து வெல்டு அடித்து, மேலே கறுப்புப் பெயின்டைக் கனமாகப் பூசியிருந்தது. அவர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் பெயின்ட் பிளந்து திறந்தது, விட்டால் மூடியது. விரல் நகம் போகிற அளவுக்கு விரிசல். பெட்டி சட்டத்தோடு இருக்க வேண்டியது, தனியாக அசைந்துகொண்டிருந்தது.

"இந்த வண்டி எங்கனயோ பலமா அடி வாங்கியிருக்கு" என்றார் ஹுஸைஃபா. "நெளிச்சல எடுத்து, வெல்டு வச்சு, பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காவ. வெல்டு விட்டுப்போச்சு. பெட்டி ஆடுது, அந்த ஆட்டத்தையும் சேத்து இந்த ஷாக்கு தாங்கிட்டு இருந்துருக்கு. அதான் இம்புட்டுச் சீக்கிரம் செத்துப்போவுது. புதுசு மாட்டுனா ஆட்டம் வெளிய தெரியாது. உள்ள விரிசல் பாட்டுக்கு வளந்துட்டே இருக்கும்."

"வளந்தா?"

"வளைவுல ஒடிச்சுத் திருப்பும்போது பெட்டி பிடுங்கிக்கிட்டு வந்துரும். கையில ஸ்டீரிங் இருக்கும். சக்கரம் அது போற போக்குல போவும்."

நான் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன். பக்கத்துச் சீட்டில் என் பிள்ளை உட்கார்ந்து லாரிக்குக் கை காட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வாங்கும்போது யாரையும் பாக்கச் சொல்லலியா அக்கா?"

"வாங்கல. சீரா வந்தது. எங்கண்ணன் குடுத்தது."

வண்டியை நகர்த்தவாவது வேண்டுமே என்று புதிய ஷாக்கை மாட்டினார். லோடு ஏற்றக்கூடாது, மலைப்பக்கம் தலைவைக்கக்கூடாது, பிள்ளையை ஏற்றவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் இலைக்கட்டுகளை ஆட்டோவில் அனுப்பினேன்.

அண்ணனுக்குத் தெரியுமா, தெரியாதா? மனசு முழுக்க அந்த ஒரு கேள்விதான். தெரியாது என்று சாதிக்க நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன். அவனுக்கு விற்றவன் ஏமாற்றியிருப்பான். வல்லிநாயகம் மறைத்திருப்பான், அந்த ஆள் முழியே சரியில்லை. சுஜி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என் வீட்டுக்காரரைவிட அதிக நேரம் நின்றவன் என் அண்ணன். அவளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவன், அவள் அழுததற்கு ஆசாரியை அடிக்கப் போனவன். அவனைப் போய் நினைக்கலாமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கேட்டுவிடலாம்தான். கேட்டால் செத்துப்போன எங்கள் அம்மா மேல் சத்தியம் பண்ணுவான். அவன் சத்தியம் பண்ணினால் நான் நம்பிவிடுவேன். எனக்கு அந்தப் பயம்தான். அதனால் கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி யோசித்தேன்.

அந்த வார சனி, ஞாயிறு லீவுக்குச் சுஜி மாமா வீட்டுக்குத்தான் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இலஞ்சிக்குப் போய் வண்டியை எடுத்தேன். நான் மட்டும் ஏறி, இரண்டாவது கியருக்கு மேல் போடாமல், பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டத் திட்டத் தென்காசி வந்து அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது அபர்ணா, அண்ணனுடைய ஒரே பிள்ளை. பின்னாலேயே சுஜி.

"அத்தே, எங்க போறோம்?"

"அருவிக்குப் போறோம்ட்டி. எல்லாரும் சேந்து போவோம். ஏறிக்கோங்க."

இரண்டும் கத்திக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தன. சுஜி உள்ளே தள்ளி உட்கார, அபர்ணா ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டாள். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"என்னட்டி, காலையிலேயே?"

"சாரல் நல்லா இருக்குண்ணே. ஐந்தருவிக்குப் போவோம். மதினியக் கூப்பிடு, நீயும் கெளம்பு."

"ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்குமே..." என்று சிரித்துக்கொண்டே வந்தவன், வண்டிக்குள் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. படியில் தாவி இறங்கி வந்து கதவைத் திறந்து அபர்ணாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏட்டி, எறங்கு. எறங்குன்னு சொல்லுதேம்லா."

பிள்ளை இறங்கமாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டது. அவன் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிக் கீழே விட்டான்.

"ஏம்ணே எறக்குத?"

"சாரல்ல சளி பிடிச்சிரும்."

"அருவியில குளிக்கப் போற பிள்ளைக்குச் சாரல்ல சளி பிடிக்குமோ?"

"அதுக்கில்லட்டி. இதுல போனா வாந்தி எடுப்பா."

அபர்ணா அழுதுகொண்டே சொன்னாள், "நான் எப்ப இதுல போனேன், வாந்தி எடுக்க? நீங்கதான் இந்த வண்டியில ஏறவே விடமாட்டியளே."

சுகந்தி மதினி வாசல்படியில் வந்து நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி விடு" என்றான் அண்ணன். "நான் இவளையும் ஒம் மதினியையும் பஸ்ல கூட்டிட்டு வாறேன். நீ முன்னால போயிட்டு இரு."

"அப்ப சுஜி?"

"அவளுக்கென்ன, தெனமும் இதுலதான போறா."

சர்வசாதாரணமாகச் சொன்னான். கடையில் மூட்டைக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னான். நாள் கணக்கில் அவனுக்காக நான் மனசுக்குள் பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு வார்த்தையில் செத்துப்போனது.

"அண்ணே, ஸ்டீரிங் பெட்டிக்கிட்ட சேசிஸ்ல வெல்டு வச்சிருக்கே. அது ஒனக்குத் தெரியுமா?"

அவனுக்குக் கோபம் வந்தது. "எவன் பாத்தான்? வல்லிநாயகத்தத் தவிர வேற எவங்கிட்டயும் விடாதன்னு சொன்னேனா இல்லையா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், பாவி. பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"சொல்லு. எங்கன அடிபட்டது?"

"சடங்குக்கு முன்னால என் கை ஒடஞ்சுதுல்லா. பழைய குற்றாலத்துல பாறையில வழுக்கிருச்சுன்னு சொன்னேன். அது வழுக்கலட்டி. புளியறை வளைவுல உரம் ஏத்திட்டு எறங்கும்போது ஸ்டீரிங் உதறி, சுவருல மோதி, வண்டி அப்படியே கவுந்துருச்சு. கை அதுல ஒடஞ்சதுதான்."

அந்தக் கை சரியாகும்வரை வடகரையிலிருந்து தினமும் ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். பாறையில் பாசி பிடித்திருக்கிறது, அதைச் சுத்தம் பண்ண நாதியில்லையா என்று குற்றாலத்தையே திட்டியவள் நான்.

"வல்லிநாயகம் நெளிச்சல் எடுத்து நல்லாத்தாம்ட்டி ஆக்கிக் குடுத்தான்."

"நல்லா ஆக்குன வண்டிய நீ ஏன் அதுக்கப்பறம் தொடல? ஒம்பிள்ளைய ஏன் ஏத்தல?"

கேட்டதை விட்டுவிட்டு அவன் வேறொரு பதில் சொன்னான்.

"பாண்டித்துரை தங்கச்சி மகளுக்கு என்னத்தக் கொண்டாருவான்னு ஊரே பாத்துட்டு நின்னுச்சு. கடை அப்ப படுத்துக் கெடந்தது. நாலு தாம்பாளத்தோட வந்திருந்தா எனக்கு மட்டுமா கேவலம், ஒனக்குந்தான? இவ பெறந்த வீட்டுல ஒண்ணுமில்லன்னு ஒன் தெருக்காரி சொல்லமாட்டாளா? ஒனக்காகத்தாம்ட்டி செஞ்சேன்."

"எனக்காகவா?"

"நான் ஒன்ன அப்படியே விட்டுட்டனா? ஆட்டம் வரும்போதெல்லாம் புது ஷாக்கு மாத்திக் குடுக்கச் சொல்லலியா? ஒரு தடவையாவது ஒன்னக் கைக்காசு போடவிட்டனா? எந்த அண்ணன் செய்வான்?"

அவன் அதை நம்பித்தான் சொன்னான். அதுதான் எனக்கு ஆறவேயில்லை. புது ஷாக் மாட்டி மாட்டி என்னைக் கவனித்துக்கொண்டதாகவே அவன் நினைத்திருக்கிறான்.

"நீ மாத்துனது ஆட்டம் நிக்கதுக்கில்லண்ணே. எனக்குத் தெரியாம இருக்கதுக்கு. ஒனக்குத் தெரிஞ்சே எம்பிள்ளைய வாரா வாரம் அந்த மலைக்கு அனுப்பியிருக்க."

வேறு நாளாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பேன். அன்றைக்கு வண்டியிடம் போய்க் கதவைத் திறந்து சுஜியைக் கீழே இறக்கினேன். அவள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன் அபர்ணாவின் கையை இன்னும் விடவில்லை.

சாவியைப் பானட்டின் மேல் வைத்தேன்.

"இத ஒடைக்கக் குடுத்துரு. பெயின்ட் அடிச்சு இன்னொருத்தி தலையில கெட்டிராத."

"ஏட்டி, கோட்டித்தனம் பண்ணாத. சீரத் திருப்பிக் குடுக்கக் கூடாது. பெறந்த வீடே இல்லன்னு ஆயிரும்."

"வல்லிநாயகத்துக்கிட்ட நீ பெயின்ட் அடிக்கச் சொன்னேல்லா, அன்னைக்கே ஆயிருச்சு."

மதினி "பேச்சி, பேச்சி" என்று பின்னால் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. சுஜியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. அது நல்லதாகப் போயிற்று, நான் அழுதது தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

செங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுஜி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் எதிரே வந்த லாரிக்காரர்களுக்குக் கை காட்டவில்லை. வாயாடிப் பிள்ளை, என்னைக் கொண்டு பிறந்தவள். எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடம் வந்தபோதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"யம்மா, மாமா அபர்ணாவத் தூக்கி எறக்குனாவல்லா, அப்ப நானும் நவுந்து கதவுகிட்ட வந்து உக்காந்தேன்மா. அடுத்தால என்னயும் எறக்குவாவன்னு."